நம்ம எஃப்எம் அங்கே கேட்குமா?

கொங்குப் பகுதிப் பள்ளிகளில் வானியல் பேசப் போகிறவர்களிடம் பிள்ளைகள் கேட்காமல் விடாத கேள்வி ஒன்று உண்டு. "ஏனுங்க சார், வேற கிரகத்துல யாராச்சும் இருந்தா, நம்ம எஃப்எம்ல ஓடுற பாட்டு அவங்களுக்குக் கேக்குமுங்களா?"

அருமையான கேள்வி. இதற்குள்ளேயே இன்னொன்றும் இருக்கிறது. நம் பாட்டு அவர்களுக்குக் கேட்குமென்றால், அவர்கள் பாட்டு நமக்கு ஏன் இன்னும் கேட்கவில்லை? 1950இல் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி மதியச் சாப்பாட்டு மேசையில் நண்பர்களிடம் எழுப்பியதும் ஏறக்குறைய இதே சந்தேகம்தான். நம் பால்வீதியில் மட்டும் பத்தாயிரம் கோடிக்கும் மேல் நட்சத்திரங்கள். அத்தனையிலும் மூச்சுப் பேச்சில்லை என்றால் அங்கே யாருமே இல்லை என்றுதானே பொருள் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

அது அவசர முடிவு என்பது என் எண்ணம். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அதற்குத் தேவையானவை நம் பக்கத்து மலையிலும் மராட்டியக் கிராமம் ஒன்றிலும் இருக்கின்றன.

பாட்டு ஊரைத் தாண்டும் விதம்

வானொலி அலையும் ஒளியும் ஒரே குடும்பம். இரண்டும் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஓர் அலை ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதை அதிர்வெண் என்கிறோம். வானொலிப் பெட்டியில் முள்ளைத் திருப்பி நிலையம் தேடும்போது நாம் மாற்றுவது அதைத்தான்.

பழைய மத்திய அலை ஒலிபரப்பு ராத்திரியில் வெகுதூரம் கேட்கும். பூமிக்கு மேலே மின்னேற்றம் கொண்ட காற்றடுக்கு ஒன்று இருக்கிறது. அயனி மண்டலம் என்று பெயர். அது மத்திய அலையைக் கீழே திருப்பிவிடும். திருப்பிவிடப்பட்ட அலை ஊர் ஊராகப் போகும், விண்வெளிக்குப் போகாது. எஃப்எம் அலையின் அதிர்வெண் அதைவிட நூறு மடங்கு அளவுக்கு அதிகம். அந்த அடுக்கை ஊடுருவி வெளியே போய்விடும். ஆகவே, பாட்டு பூமியை விட்டுக் கிளம்புகிறதா என்று கேட்டால், ஆம், கிளம்புகிறது. நெப்டியூனைத் தாண்ட அதற்கு நாலு மணி நேரம் சொச்சம் ஆகும். பிராக்சிமா சென்டாரி என்கிற, சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரத்தைச் சேர 4.24 ஆண்டுகள். ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம் ஓர் ஒளியாண்டு என்பதால், பிராக்சிமா 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது என்பார்கள்.

போய்ச் சேருவது ஒன்று. சேர்ந்த பிறகு கேட்கும்படி இருக்கிறதா என்பது வேறொன்று.

முத்தோரைச் சரிவு

மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறி ஊட்டிக்குப் போய், அங்கிருந்து முத்தோரைப் பக்கம் இறங்கினால், உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைகிற சரிவுகளுக்கு நடுவே நீளமான இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். மொத்த நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். 24 வளைந்த சட்டங்கள். அவற்றின் மேல் சரிவின் முழு நீளத்துக்கும் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். கம்பிகளை எல்லாம் ஒன்றோடொன்று முடிச்சிட்டால் 583 கிலோமீட்டர் வரும். கோவையிலிருந்து சென்னை போய்ச் சேர்ந்தும் மிச்சமிருக்கும். இதுதான் ஊட்டி வானொலித் தொலைநோக்கி. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் ஓர் இளைஞர் குழு கட்டி, 1970இல் முடித்தது.

இந்தியாவில் எத்தனையோ மலை இருக்க ஏன் முத்தோரை? இங்கேதான் ஸ்வரூப்பின் கூர்மை தெரிகிறது. பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் எல்லாம் பூமியின் அச்சைச் சுற்றி வட்டமடிப்பதுபோல் நமக்குத் தெரிகின்றன. ஒரு நட்சத்திரத்தைத் தொடர்ந்து நோக்க வேண்டுமானால், சாதாரணத் தொலைநோக்கியை மேலும் கீழும், இடமும் வலமுமாக இரண்டு விதமாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அரைக் கிலோமீட்டர் நீளக் கருவியை அப்படித் திருப்ப முடியாது. ஆனால் கருவியின் நீளவாக்கே பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டால், அந்த அச்சிலேயே உருட்டினால் போதும். நட்சத்திரம் நகர நகரக் கருவியும் கூடவே வரும்.

முத்தோரை நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 11 பாகை வடக்கே இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் துருவ நட்சத்திரம் வடக்குத் தொடுவானத்துக்கு மேலே அதே 11 பாகையில் தெரியும். எனவே வடக்கு நோக்கி 11 பாகை ஏறுகிற ஒரு மலைச்சரிவு கிடைத்தால், அந்தச் சரிவே பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கும். அப்படிச் சரிவு தேடி அலைந்து கண்ட இடம் இது. அச்சைச் சாய்த்து நிறுத்தப் பெருந்தொகை செலவழிக்கத் தேவையில்லாமல் மலையே அந்த வேலையைச் செய்துகொடுத்தது. ஒரு பொருளை ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம் இது தொடர்ந்து நோக்கும். கையில் காசு குறைவாக இருந்த நாட்டில் இப்படி யோசித்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமிதமாக இருக்கிறது.

இதைக் கட்டியது அயல் உயிர்களைத் தேட அல்ல. தொலைதூர வானொலி மூலங்களை நிலா கடந்து மறைக்கும் நொடியைப் பதிவுசெய்து, அவற்றின் அளவைக் கண்டறிவதே முதல் நோக்கம். அந்த அளவுகளை வைத்து 1975இல் விஜய் கபாஹியும் ஸ்வரூப்பும் செய்த ஆய்வு, பிரபஞ்சம் பெருவெடிப்பில் தொடங்கி மாறிவந்திருக்கிறது என்ற கொள்கைக்கு வலு சேர்த்தது. என்றாலும் நம் கேள்விக்கு முத்தோரை ஒரு பெரிய பாடம் தருகிறது. வானத்திலிருந்து வரும் வானொலி அலை அவ்வளவு மெலிதானது. அதைப் பிடிக்க அரைக் கிலோமீட்டர் இரும்பு வேண்டும்.

மோட்டார் போட்டால் கரகரக்கும் ரேடியோ

தோட்டத்துச் சாளையில் ரேடியோ கேட்டவர்களுக்கு இது தெரியும். பம்ப்செட் ஸ்டார்ட்டரை அழுத்தியதும் ரேடியோ ஒரு கணம் கரகரக்கும். மின்தொடர்பு சேரும்போதும் பிரியும்போதும் தெறிக்கும் சிறு பொறி எல்லா அதிர்வெண்ணிலும் கொஞ்சம் கொஞ்சம் அலை வீசுவதுதான் காரணம். மோட்டாரும் மில்லும் நிறைந்த கோவைச் சமவெளியில் ஒரு வானொலித் தொலைநோக்கியை வைத்தால் அதற்கு நாளெல்லாம் இதுதான் கேட்கும். முத்தோரையைச் சுற்றியுள்ள மலைகள் அந்த இரைச்சலில் பெரும்பகுதியைத் தடுக்கின்றன. தொலைநோக்கி வேலை செய்யும் 326.5 மெகாஹெர்ட்ஸ் பகுதியும் வானியலுக்கென்று உலக அளவில் ஒதுக்கப்பட்டது.

செவ்வாயிலிருந்து வந்த சில வாட்

இனி கணக்கு. அதற்கு ஒரு நிஜச் சம்பவம் இருக்கிறது.

ஊட்டியில் கற்ற பாடத்தைக்கொண்டு ஸ்வரூப் அடுத்துக் கட்டியது புணேக்கு வடக்கே, நாராயண்காவ் அருகே கோடத் கிராமத்தில் இருக்கும் மாபெரும் மீட்டர் அலை வானொலித் தொலைநோக்கி. ஒவ்வொன்றும் 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 ஆண்டெனாக்கள். 2016 அக்டோபர் 19 அன்று ஐரோப்பாவின் ஸ்கியாபரெல்லி என்ற இறங்குகலம் செவ்வாயின் காற்று மண்டலத்துக்குள் பாய்ந்தபோது, அதன் சிறிய ஒலிபரப்பியின் குரலைக் கோடத் ஆண்டெனாக்கள் நேரடியாகவே பிடித்தன. கலம் தரையைத் தொடுமுன்பே குரல் நின்றுபோனது. செவ்வாயில் மோதி நொறுங்கிவிட்டது. அது நின்றுபோனதையும் கோடத்தில்தான் முதலில் உணர்ந்தார்கள்.

அந்தக் குரல் பூமிக்கு வர எடுத்துக்கொண்ட நேரம் ஒன்பதே முக்கால் நிமிடத்துக்குச் சற்று மேல். அப்படியானால் தொலைவு சுமார் 17.6 கோடி கிலோமீட்டர். ஒலிபரப்பியின் திறன் சில வாட்தான். கணக்குக்காக 5 வாட் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது அதே ஒலிபரப்பியைத் தூக்கிக்கொண்டு போய் பிராக்சிமா பக்கத்தில் வைப்போம். (பிராக்சிமா தெற்கே மிகத் தாழ்வாக இருப்பதால் கோடத் ஆண்டெனாக்களால் உண்மையில் அதை எட்ட முடியாது. தொலைவைக் கணக்கிட மட்டும் அதை எடுத்துக்கொள்கிறேன்.) பிராக்சிமாவின் தொலைவு சுமார் 40 லட்சம் கோடி கிலோமீட்டர். செவ்வாய் அன்றிருந்த தொலைவைப் போல 2 லட்சத்து 28 ஆயிரம் மடங்கு.

எல்லாத் திசையிலும் பரவும் அலை ஒரு கோளமாக விரிகிறது. தொலைவு இரண்டு மடங்கானால் கோளத்தின் பரப்பு நான்கு மடங்காகும். ஆண்டெனாவுக்குக் கிடைப்பது கால் பங்காகிவிடும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. அப்படியே போனால் 2 லட்சத்து 28 ஆயிரம் மடங்குக்கு, சுமார் 5,200 கோடியில் ஒரு பங்கு. அதாவது பிராக்சிமாவிலிருந்து வரும் குரல் அன்றைய செவ்வாய்க் குரல் அளவுக்கு இங்கே கேட்க வேண்டுமானால், 5 வாட்டை 5,200 கோடியால் பெருக்க வேண்டும். விடை 26,000 கோடி வாட்.

அது எவ்வளவு? 2024 மே மாத இறுதியின் கடும் வெயிலில் இந்தியா முழுவதற்கும் ஒரே நேரத்தில் தேவைப்பட்ட மின்சாரம், அதுவரை இல்லாத உச்சமாக, 25,000 கோடி வாட். நாட்டின் அத்தனை மில்லும், அத்தனை பம்ப்செட்டும், அத்தனை ஏசியும் இழுத்த மின்சாரத்தை ஒரே ஒலிபரப்பிக்குள் கொட்டினால்தான் மிக அருகிலுள்ள நட்சத்திரத்திலிருந்து கூட அந்தச் சில வாட் குரலுக்குச் சமமாகக் கேட்கும்.

எஃப்எம் நிலையத்துக்கு வருவோம். 10 கிலோவாட் நிலையம் ஒன்று 5 வாட்டைப் போல 2,000 மடங்கு. தொலைவில் அது சுமார் 45 மடங்குதான். 45ஐ 45ஆல் பெருக்கினால் 2,000 சொச்சம் வருவதால் அப்படி. ஆகவே செவ்வாய்க் குரலளவு வலிமையோடு எஃப்எம் எட்டும் எல்லை சுமார் 790 கோடி கிலோமீட்டர். புளூட்டோவைத் தாண்டிவிடும். பிராக்சிமா வரையிலான வழியில் ஐயாயிரத்தில் ஒரு பங்குகூட முடியாது. எஃப்எம் பாட்டு அகன்ற அலைப்பட்டையில் பரவுவதால் உண்மையில் இதைவிடவும் குறைவு. நெடுநேரம் கேட்டால் இன்னும் மெலிதானதையும் பிடிக்கலாம் என்பது சரிதான். இருந்தாலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நேர்மையான பதில் இது: கோடத் அளவு கருவி வைத்திருக்கும் அயலாருக்கு நம் எஃப்எம் கேட்காது. அதே காரணத்தால் அவர்கள் எஃப்எம் நமக்கும் கேட்காது.

குவித்து அனுப்பினால்?

எல்லாத் திசையிலும் சிதறவிடாமல் ஒரே திசையில் குவித்தால் கதை மாறுகிறது. 1974 நவம்பர் 16 அன்று போர்ட்டோ ரிக்கோவின் 305 மீட்டர் அரேசிபோ கிண்ணத்திலிருந்து எம்13 என்ற நட்சத்திரக் கொத்தை நோக்கி மூன்று நிமிடத்துக்கும் குறைவான ஒரு செய்தி அனுப்பப்பட்டது. ஒலிபரப்பியின் திறன் 450 கிலோவாட். குவித்ததால் அந்தத் திசையில் மட்டும் அது 20 லட்சம் கோடி வாட் போல நடந்துகொண்டது. நாலரைக் கோடி மடங்குக்கு அருகில். இப்படி ஒன்றை யாராவது நம்மை நோக்கி அனுப்பினால், மேலே போட்ட கணக்கின்படி 37 ஒளியாண்டு தொலைவிலிருந்தும் செவ்வாய்க் குரலளவுக்குக் கேட்கும். அரேசிபோ 2020 டிசம்பரில் இடிந்து விழுந்தது. அதன் இடத்தில் வேறொன்று வரவில்லை என்பது பெரும் இழப்பு.

ஆனால் நாலரைக் கோடி மடங்கு குவிக்கிறோம் என்றால், வானத்தை நாலரைக் கோடித் துண்டாக்கி அதில் ஒரே துண்டை நோக்கி மட்டும் பேசுகிறோம் என்று பொருள். மற்ற துண்டுகளில் இருப்பவர்களுக்கு நாம் ஊமை. அவர்கள் பேசினாலும் இதே கதைதான். அவர்கள் நம்மை நோக்கித் திரும்பிய அதே சில நிமிடங்களில் நாமும் அவர்களை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும், அதே அதிர்வெண்ணில்.

எந்த அதிர்வெண்? 1959இல் கியுசெப்பே கொக்கோனியும் பிலிப் மோரிசனும் ஒரு யோசனை சொன்னார்கள். பிரபஞ்சத்தில் மிகுதியாக இருப்பது ஹைட்ரஜன். அது தானாகவே 1420 மெகாஹெர்ட்ஸில் அலை வீசும். வானியல் தெரிந்த எவருக்கும் அந்த எண் தெரிந்திருக்கும். ஆகவே அங்கே தேடுங்கள் என்றார்கள். அடுத்த ஆண்டே ஃப்ராங்க் டிரேக் அமெரிக்காவின் கிரீன் பேங்கில் 26 மீட்டர் ஆண்டெனாவை டாவ் சேட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு நட்சத்திரங்கள் பக்கம் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. 2018இல் ஜேசன் ரைட், சுபம் கனோடியா, எமிலி லூபர் மூவரும், அதுவரை நடந்த தேடல்களை எல்லாம் திசை, தொலைவு, அதிர்வெண், நேரம் என்று சேர்த்துக் கணக்கெடுத்தார்கள். தேட வேண்டியது உலகத்தின் எல்லாக் கடல் நீரும் என்றால், தேடி முடித்தது ஒரு சிறிய நீச்சல் குளத்துத் தண்ணீர் அளவு என்று வந்தது. அதில் மீன் இல்லை என்று கண்டவர் கடலில் மீனே இல்லை என்று சொல்ல மாட்டார்.

தேட நியாயம் உண்டா?

உண்டு. இலங்கையின் காலியில் 1923இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து, பிறகு வேதியியலுக்கு மாறிய சிரில் பொன்னம்பெருமா நாசாவில் இருந்தபோது, 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லை அவர் குழு ஆராய்ந்தது. உயிர்களின் புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள் அதில் இருந்தன. பூமியில் ஒட்டிக்கொண்டவையல்ல, வானிலேயே உண்டானவை. உயிருக்கான மூலப்பொருள் நம் பூமியின் தனிச்சொத்தில்லை என்பதற்கு அது உறுதியான சான்று. கோள்களுக்கும் இன்று பஞ்சமில்லை. பிற நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்கள் ஐயாயிரத்துக்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன.

கேட்டது அவர்கள்தானா?

கேட்டுவிட்டதாகத் தோன்றிய தருணங்கள் உண்டு. 1967இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவி ஜோசலின் பெல், 1.337 நொடிக்கு ஒருமுறை தவறாமல் துடிக்கும் அலையைப் பார்த்தார். அயலார் என்று ஒரு கணம் பேச்சு எழுந்தது. பிறகு தெரிந்தது, அது வேகமாகச் சுழலும் செத்த நட்சத்திரம், பல்சார். ஊட்டித் தொலைநோக்கி பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் பொருள்களில் இவையும் அடக்கம். 1977 ஆகஸ்டில் ஒஹையோவில் 72 நொடிகள் பதிவான வலிமையான அலை மட்டும் இன்னும் விடுபடாத புதிர். திரும்ப அது கேட்கவே இல்லை.

அதனால் இப்போது சோதனை கடுமையாகிவிட்டது. முதல் அடையாளம் குறுகல். இயற்கையின் அலைகள் அகன்ற பட்டையில் பரவும்; ஒரே அதிர்வெண்ணில் கூர்மையாக நிற்பது பெரும்பாலும் செய்த பொருளின் குரல். இரண்டாவது அடையாளம் நகர்வு. முத்தோரை பூமியோடு சேர்ந்து நொடிக்குச் சுமார் 456 மீட்டர் வேகத்தில் கிழக்கே போகிறது. கிழக்கே எழும் நட்சத்திரத்தை நோக்கி நாம் நெருங்குகிறோம். மேற்கே மறையும்போது விலகுகிறோம். ஆகவே 1420 மெகாஹெர்ட்ஸில் உண்மையாகவே வானிலிருந்து வரும் குரல், எழுவதற்கும் மறைவதற்கும் இடையே நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் நகரும். பக்கத்து ஊர்க் கோபுரத்திலிருந்து வருவது நம்மோடு சேர்ந்தே சுழல்வதால் இப்படி நகராது.

2019இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில், பிராக்சிமாவின் திசையில், 982 மெகாஹெர்ட்ஸில் இப்படி நகரும் ஒரு குறுகிய அலை பதிவானது. உலகமே பரபரத்தது. சோஃபியா ஷேக் உள்ளிட்டோர் பொறுமையாகப் பழைய பதிவுகளைக் கிளறியபோது, தொலைநோக்கி வேறு திசையில் இருந்தபோதும் அதன் சாயலில் வேறு அலைகள் வேறு அதிர்வெண்களில் கிடைத்தன. மனிதக் கருவிகளின் சலசலப்பு என்று 2021இல் அறிவித்தார்கள். அந்த நேர்மைதான் இந்தத் துறையின் பலம்.

ஒருநாள் உண்மையாகவே கேட்டால்

1989இல் வகுத்த ஒரு பொது நெறிமுறை இருக்கிறது. கேட்டவர் முதலில் இயற்கையோ மனிதரோ காரணமா என்று சலித்துப் பார்க்க வேண்டும். பிறகு மற்ற தொலைநோக்கிகளுக்குச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். அதன்பின் மறைக்காமல் உலகுக்கு அறிவிக்க வேண்டும். உலக அளவில் கலந்து பேசாமல் பதில் அனுப்பக் கூடாது.

இரண்டாவது படியில் நமக்கு இடம் இருக்கிறது. பூமி சுழல்வதால் ஓர் இடத்தில் கேட்ட குரல் சில மணி நேரத்தில் அங்கே மறைந்துவிடும். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸுக்கும் கோடத்துக்கும் இடையே தீர்க்கரேகை வித்தியாசம் 74 பாகை, அதாவது சுமார் ஐந்து மணி நேரம். டாவ் சேட்டியின் திசையிலிருந்து ஏதோ ஒன்று பார்க்ஸில் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே அது மேற்கில் இறங்கி மறையப்போகும் வேளையில் மராட்டிய வானில் உயரமாக நிற்கும். அமெரிக்காவில் இன்னும் உதித்திருக்காது. ஐரோப்பாவில் எழுந்திருந்தாலும் தாழ்வாகத்தான் இருக்கும். 1420 மெகாஹெர்ட்ஸில் கேட்கக்கூடிய 30 ஆண்டெனாக்களைச் சில நிமிடங்களில் அந்தப் பக்கம் திருப்பி, முதலில் அதே திசை, பிறகு பக்கத்து வெற்றுத் திசை, மறுபடி அதே திசை என்று மாற்றி மாற்றிக் கேட்கலாம். வெற்றுத் திசையிலும் கேட்டால் அது நம் பூமியின் சத்தம். குறித்த திசையில் மட்டும் கேட்டு, நகர்வும் கோடத்தின் சுழற்சிக்கு ஏற்றபடி இருந்தால், அடுத்த தொலைபேசி அழைப்பு ஐரோப்பாவுக்குப் போகும்.